கெட்டி டயர்

"நகத்த என்னடா பாத்துக்கிட்டு இருக்க? தண்ணிய ஊத்து" என்றார் உசேன் மாமா.

நூர் பாஷா ஊற்றினான். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் அண்ணனின் தோளில் விழுந்து, கை வழியாக இறங்கி, விரல் நுனியிலிருந்து பலகையில் சொட்டியது. அவன் கண்ணும் கூடவே இறங்கி மறுபடி விரல்களில் போய் நின்றுகொண்டது. இருபது வருஷமாக சைக்கிள் கடை வைத்திருப்பவனுக்குக் கையைப் பார்த்தால் தெரியும். பஞ்சரான டயரைத் தடவித் தடவி முள் தேடிய கை என்றால் விரல் ரேகையில் கருப்பு ஏறியிருக்கும், ஒரு குளியலில் போகாது. அண்ணன் சலாவுதீனின் விரல்களில் கருப்பு இருந்தது. ஆனால் அது டயர்க் கருப்பா, செயின் கருப்பா, வெறும் ரோட்டுப் புழுதியா என்று சொல்ல முடியவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

"டேய்!"

"இல்ல மாமா. அழுக்கு இருக்குது."

"அழுக்கத்தான்டா போக்கிக்கிட்டு இருக்கோம். செம்ப எங்கிட்ட குடுத்துட்டு எட்ட நில்லு."

அண்ணனைக் கடைசியாகக் குளிப்பாட்டும் இடத்தில் ஒருவனுக்கு இப்படியா புத்தி போகும்? போனது. ராத்திரி முழுக்க அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. சைக்கிளில் காத்து இருந்ததா, இல்லையா? அது தெரியாமல் அவனுக்கு அழுகைகூட ஒழுங்காக வரவில்லை.

சலாவுதீன் சைக்கிளில் ஜவுளி விற்பவர். பாப்பிரெட்டிப்பட்டியில் வீடு. கேரியரில் சேலை, லுங்கி, துண்டு, பாவாடைத் துணி என்று ஒரு ஆள் கனத்துக்கு மூட்டை. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் சித்தேரி மலையடிவாரத்துக் கொட்டாய்களைச் சுற்றுவார். ஐம்பத்திரண்டு வயது. முந்தைய நாள் சனிக்கிழமை, உச்சி வெயிலில், தீர்த்தகிரி என்பவர் வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சடைப்பு. பக்கத்துக் காட்டில் உழுதுகொண்டிருந்த முனிராஜின் டிராக்டரில் பொழுது சாய உடலைச் செருப்புக்கூடக் கழற்றாமல் கொண்டுவந்து இறக்கினார்கள். சைக்கிளும் மூட்டையும் வரவில்லை.

உடலை இறக்கிய கையோடு நூர் பாஷா முனிராஜை ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டிருந்தான்.

"சைக்கிள் எங்கீங்க?"

"தீர்த்தகிரி ஊட்டாண்டயே நிக்குதுங்க பாய். பத்தரமா இருக்கும்."

"நிக்குதா?"

"ஆமாங்க. ஸ்டாண்டு போட்டு நிக்குது."

ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். காத்து இருந்தாலும் அப்படித்தான், இல்லாவிட்டாலும் அப்படித்தான். அதற்கு மேல் கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. உடன்பிறந்தவன் செத்துக் கிடக்கும்போது பின்சக்கரத்தில் காத்து இருந்ததா என்று கேட்டால் ஊர் காறித் துப்பாதா? முனிராஜ் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அந்த டயரைப் பார்த்து எடுத்தது நூர் பாஷாதான். அதையும் சும்மா எடுக்கவில்லை, ஊர் கூடிப் பார்க்க எடுத்தான். வினையே அதுதான்.

அந்த வருஷம், எண்பத்தாறில், ரோட்டோரமெல்லாம் வேலிக்காத்தான் மண்டிக் கிடந்தது. காட்டுக்கு வேலி வைக்க அதை வெட்டி இழுத்துப் போகிறவர்கள் வழியெல்லாம் முள்ளை உதிர்த்துவிட்டுப் போவார்கள். சலாவுதீனுக்கு வாரத்துக்கு மூன்று பஞ்சர், நாலு பஞ்சர். "ஊருக்கெல்லாம் சைக்கிள் ரிப்பேர் பண்றானாம், கூடப் பொறந்தவனுக்கு ஒரு நல்ல டயரு பாத்துப் போட வக்கில்ல" என்று கடைக்கு வரும்போதெல்லாம் இழுப்பார். தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. பஸ் ஏறித் தர்மபுரிக்குப் போய் மூன்று தினுசு டயர் வாங்கிவந்தான். சாதா டயர் ஒன்று. நைலான் நூல் வைத்த மெல்லிசு டயர் ஒன்று. பால்காரர்கள் போடுகிற கெட்டி டயர் மட்டும் ஒரு ஜோடி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தினுசுக்கு ஒன்றாகக் கடை வாசலில் கிடத்தி, விரல் நீளத்துக்கு முற்றின வேலிக்காத்தான் முள்ளைக் குறட்டில் பிடித்து, சுத்தியலால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு போடு போட்டான். சாதா டயரில் முள் அந்தப் பக்கமே வந்துவிட்டது. நைலானில் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. கெட்டி டயரில் முள் பாதியிலேயே முறிந்துவிட்டது.

டீக்கடையிலிருந்து எழுந்து வந்து நின்றவர்கள் "அட்றா!" என்றார்கள்.

சலாவுதீன் கெட்டி டயரைக் கையில் தூக்கிப் பார்த்தார். "என்னடா இது இந்தக் கனம் கனக்குது? எவன் மிதிக்கிறது?"

"கனமாத்தான் இருக்கும். நைலான் வேகமா ஓடும், ஆனா நீ என்னா ரேஸுக்கா போற? மூட்டய வெச்சிக்கிட்டு காட்டு வழியில போறவனுக்கு எதுக்கு வேகம்? தாங்குதா, அத மட்டும் பாரு. இரு, இதுக்குள்ள இன்னொன்னு வேற போடப்போறேன்."

பழைய டயர் ஒன்றின் ஓரக் கம்பியை அறுத்து எடுத்துவிட்டு, அதைப் புது டயருக்குள் மெத்தை போலப் படுக்க வைத்து, அதற்குள் டியூபை நுழைத்தான். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் அப்படியே. முள் எந்தப் பக்கம் ஏறினாலும் இரண்டு தோலைத் தாண்டித்தான் டியூபுக்கு வர வேண்டும்.

"ஏன்டா, நான் துணி விக்கப் போறனா, பட்டாளத்துக்குப் போறனா?" என்றார் சலாவுதீன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் கேரியருக்கு அடியில் எப்போதும் கட்டி வைத்திருக்கும் காத்துப் பம்பையும், ஒட்டுப் போடுகிற தகர டப்பாவையும் அவிழ்த்துத் தன் கடை ஆணியில் மாட்டினான்.

"இனிமே இது உனக்கு வீண் சுமை. இந்த டயரு பஞ்சர் ஆச்சின்னா நான் கடைய இழுத்து மூடிட்டு உங்கூட சேல விக்க வர்றேன்."

"நான் சாட்சிப்பா" என்றார் உசேன் மாமா, பெஞ்சில் உட்கார்ந்தபடி.

இது நடந்து ஐந்தாம் நாள் அண்ணன் போய்விட்டார். பம்பு கடையில் ஆணியில் தொங்குகிறது. டயர் போயிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? காத்தடிக்கவும் வழியில்லை, ஒட்டுப் போடவும் வழியில்லை, பக்கத்தில் ஒரு கடை கண்ணி கிடையாது. அந்த வெயிலில் அத்தனை மூட்டையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். தள்ளித் தள்ளித்தான் நெஞ்சு நின்றது என்றால், நிறுத்தியது யார்? தண்ணீர் ஊற்றும்போதும், கபன் துணியைச் சுற்றும்போதும், உடலைச் சுமந்த சந்தூக்குப் பெட்டியை இடது தோளுக்கு மாற்றும்போதும் இந்தக் கேள்விதான். கபர்க் குழிக்குள் மூன்று பிடி மண் போட்டான். மூன்றாவது பிடியை விட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். யாரோ முழங்கையைத் தட்டினார்கள்.

பதினொரு மணிக்கெல்லாம் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வாசலில் பந்தல். ஆண்களெல்லாம் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அண்ணி ரஹமத் பீவி இத்தாவில் உட்கார்ந்துவிட்டாள். இனி நாலு மாசம் பத்து நாள் அந்த உள்ளறைதான். அறை வாசலில் ஒரு பழைய போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். நேற்று வரைக்கும் "அண்ணி, டீ" என்று அடுப்படி வரை போனவன், இனி திரைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேச முடியும்.

நூர் பாஷாவுக்கு உட்கார முடியவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான். தண்ணீர்ப் பானை நிறைந்திருக்கும்போதே இன்னொரு குடம் கொண்டுவந்து ஊற்றி வழியவிட்டான். நேராக இருந்த நாற்காலிகளை எடுத்து நேராகப் போட்டான். தர்மபுரியிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் எவ்வளவு தங்கமான மனுஷன் என்று ஆரம்பித்தார். "ஆமாங்க, ஆமாங்க" என்று கையை உருவிக்கொண்டான். பன்னிரண்டு மணி பஸ் ஹாரன் அடித்தது பஸ் ஸ்டாண்டிலிருந்து கேட்டது.

"நான் போய் சைக்கிளையும் மூட்டையையும் எடுத்தாந்துடறேன் மாமா."

உசேன் மாமா நிமிர்ந்து பார்த்தார். "என்னாது?"

"அங்க கெடக்குது. யாராச்சும் எடுத்துட்டாங்கன்னா?"

"அண்ணன் மண்ணுக்குள்ள போயி முழுசா ரெண்டு மணி நேரம் ஆவல. துக்கம் கேக்க சனம் வந்துக்கிட்டு இருக்குது. உனக்கு துணி மூட்டதான் கண்ணுல நிக்குதா? அந்தத் துணிய வித்து நீ என்னா மாடி வூடு கட்டப்போறியா?"

நாற்காலிகளிலெல்லாம் பேச்சு நின்றுவிட்டது. நூர் பாஷாவின் காது சுட்டது. துணிக்கு அலைகிறவன் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். உண்மையைச் சொல்வதைவிட அது தேவலை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய் நகர ஆரம்பித்திருந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.

மெயின் ரோட்டு முக்கில் பஸ் அவனை இறக்கிவிட்டது. அங்கிருந்து அடிவாரம் வரை ரெண்டரை மைல். ரோடு போடுகிறோம் என்று யாரோ காண்டிராக்டர் தை மாசமே அதில் ஜல்லியைக் கொட்டிப் பரப்பிவிட்டுப் போனவன்தான், ரோலரும் வரவில்லை, தாரும் வரவில்லை. ஒவ்வொரு கல்லும் கோழிமுட்டை அளவு, முனை மழுங்காமல் அப்படியே கிடந்தது. ஓரத்தில் ஒதுங்கலாம் என்றால் இரண்டு பக்கமும் வேலிக்காத்தான்.

நூர் பாஷா நடந்தான். கால் வைக்கும் இடமெல்லாம் கல் புரண்டது. கணுக்கால் ஒரு பக்கம் மடங்கியது, சமாளித்து நின்றான். மூட்டை இல்லை, சைக்கிள் இல்லை, வெறும் ஆள். அவனுக்கே கால் மைலில் மூச்சு வாங்கியது. பங்குனி வெயில் மேலேயிருந்து அடித்தது, ஜல்லி கீழேயிருந்து திருப்பி அடித்தது. இந்த வழியில் மிதித்துக்கொண்டு போயிருந்தால் உடம்பு குலுங்கியிருக்கும், அவ்வளவுதான், அரை மணி நேரத்தில் தாண்டியிருப்பார். தள்ளிக்கொண்டு போயிருந்தால்? நினைக்கவே முடியவில்லை. "அல்லாவே, காத்து இருக்கணும்" என்று வாய்விட்டே சொன்னான். ஒரு டயருக்காக அவன் துவா கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வேலி ஓரத்தில் மேய்ந்த ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

நாலு வீடு உள்ள கொட்டாய். முதல் வீட்டு வாசல் புங்க மரத்தடியில் சைக்கிள் நின்றிருந்தது. கேரியரில் மூட்டை கட்டின கயிறுகூட அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. யாரையும் கூப்பிடாமல், ஒரு குரல்கூடக் கொடுக்காமல் நேராகப் போய் மண்டிபோட்டு உட்கார்ந்து பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

இறங்கவில்லை.

இரண்டு கையாலும் அழுத்தினான். இம்மி இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அடித்த காத்து அப்படியே இருந்தது. முன்டயருக்குத் தாவினான். அதுவும் கல். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். டயரின் முதுகில் முறிந்த முள் இரண்டு சொருகிக்கொண்டிருந்தன. நகத்தால் நெம்பி எடுத்தான். ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

"இருக்குது" என்றான். "காத்து இருக்குது!"

அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. அண்ணன் போன துக்கமெல்லாம் எங்கே அடைத்துக்கொண்டு நின்றதோ, ஒரே மூச்சில் வந்தது. மட்கார்டைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். அழுகைக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் இருந்தது. தான் கொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கப்பட்டான், ஆனாலும் அது போகவில்லை.

"யாருப்பா அது?"

தீர்த்தகிரியின் சம்சாரம் பெரியம்மாள் சொம்போடு வாசலில் நின்றிருந்தாள். அறுபது வயதிருக்கும்.

"நான் பாயோட தம்பிங்கம்மா."

"மொகத்தப் பாத்தாலே தெரியுதே. எந்திரிச்சி ஒக்காருப்பா. இந்தா, தண்ணியக் குடி. அவரு காட்டுக்குப் போயிட்டாரு. மண்ணு போட்டுட்டீங்களாப்பா?"

"காலைல ஆச்சிங்க."

"மவராசன். ஒரு பொல்லாப்பு பேச மாட்டாரு." அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "நேத்து நானும் இங்கதான் கம்பு பொடச்சிக்கிட்டு இருந்தேன். அந்தா, அந்த வளைவுலயே பாத்துட்டேன். ஒரு கையால ஹேண்டுபார புடிச்சிக்கிட்டு, ஒரு கையால மூட்டயத் தாங்கிக்கிட்டு, ஜல்லி மேல தள்ளிக்கிட்டு வர்றாரு."

சொம்பு அவன் வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

"தள்ளிக்கிட்டா?"

"தள்ளிக்கிட்டுதான். சட்ட பூரா நனஞ்சி ஒடம்போட ஒட்டிக்கிச்சி. ஏன் பாய், பஞ்சரான்னு கேட்டேன். அப்படி மூச்சு வாங்குது, அதுலயும் சிரிச்சாருப்பா. 'பஞ்சரா? என் தம்பி போட்ட டயரும்மா இது. மூணு டயர வெச்சி முள்ளு அடிச்சிப் பாத்துப் போட்டான். இதுல பஞ்சரே ஆவாது'ன்னாரு. அப்பறம் என்னாத்துக்கு எறங்கித் தள்ற, ஏறி மிதிக்கறதுதானேன்னேன். 'மொத வாரம் ஜல்லில ஏத்தாதேன்னு தம்பி சொல்லியிருக்கான். செவ்வாக்கெழம வந்தா வாரம் முடியுது. இன்னும் மூணு நாளுதான். அப்பறம் பாரு, பறக்கறேன்'னாரு. புதன்கெழம வந்தப்பவும் இப்படித்தான், முக்குலருந்து இதுவரிக்கும் தள்ளிக்கிட்டே வந்தாரு. நான்கூட சொன்னேன், நீ டயரு ஓட்டறியா, கொழந்தய தூக்கிக்கிட்டு வர்றியான்னு."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நூர் பாஷா சொம்பைக் கீழே வைத்தான்.

அதைச் சொன்னதாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பான். புது டயர் போட்டுக்கொண்டு போகிற ஒவ்வொருவரிடமும் சொல்வதுதான் அது. சீட்டைத் துடைத்து, ஒரு தட்டு தட்டி, சைக்கிளைக் கையில் கொடுத்து, "மொத வாரம் ஜல்லில ஏத்தாதீங்க" என்பான். வீட்டுக்கு வந்தவர்களைப் போய்ட்டு வாங்க என்பதுபோல அது பாட்டுக்கு வாயில் வரும். தர்மபுரியில் அவன் தொழில் கற்ற கடையில் முதலாளி சொல்வார், அதைக் கேட்டுக் கேட்டு இவனும் பிடித்துக்கொண்டான். அதில் ஒரு மண்ணாங்கட்டி விஷயமும் கிடையாது. தாங்குகிற டயர் முதல் நாளே தாங்கும், தாங்காதது மூன்று மாசம் கழித்தும் அறுந்துபோகும். வாரத்துக்குள் டயர் போய் ஆள் சண்டைக்கு வந்தால், "ஜல்லில ஏத்தினீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஏற்றாதவன் யார் இந்த ஜில்லாவில்? வந்தவன் வாயை மூடிக்கொண்டு போய்விடுவான். அதற்காகச் சொல்வது. இருபது வருஷத்தில் எத்தனை நூறு பேரிடம் சொல்லியிருப்பான்! கடை வாசலைத் தாண்டினதும் அத்தனை பேரும் மறந்துவிட்டு ஏறி மிதித்துக்கொண்டு போனார்கள். ஒரே ஒரு ஆள் கேட்டிருக்கிறார்.

"சோறு திங்கறியாப்பா? களி இருக்குது" என்றாள் பெரியம்மாள்.

"வேணாங்கம்மா."

"வெயில் தாழப் போவலாமில்ல."

"இல்லீங்க. போவணும்."

ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, காலைப் போட்டு ஏறினான். மூட்டையோடு சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது. ஜல்லி ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கவில்லை. எழுந்து நின்று மிதித்தான். பல் கிட்டித்துத் தலை வரை குலுங்கியது. நல்ல கல்லாகப் பார்த்து, முனை மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கல்லாகப் பார்த்து முன்சக்கரத்தை ஏற்றினான். வேலி ஓரத்தில் முள் குவிந்து கிடந்த இடத்தில் வேண்டுமென்றே ஒதுங்கி அதன் மேலேயே ஓட்டினான்.

"போ. போயேன். வெடியேன்டா!" என்று டயரைத் திட்டினான். அண்ணனையும் திட்டினான். "யாரு உன்ன கேக்கச் சொன்னது? எவனாச்சும் கேக்கறானா? நீ மட்டும் ஏன் கேட்ட? சின்ன வயசுல ஒரு பேச்சு கேட்டிருப்பியா நான் சொல்லி?"

ஒரு 'உஸ்' சத்தம்கூட வரவில்லை. கல் சிதறியது, முள் நொறுங்கியது, டயர் தன் பாட்டுக்கு உருண்டது. ரெண்டரை மைலும் அவனைச் சுமந்துகொண்டு வந்து தார் ரோட்டில் விட்டது. அண்ணன் ஒரு தடவையாவது இப்படி ஏறி மிதித்திருந்தால் தெரிந்திருக்கும், எவ்வளவு நல்ல டயர் என்று. அங்கேயே ஒரு புளிய மரத்தடியில் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மறுபடி ஏறினான்.

நாலரை மணிக்கு வீட்டுத் தெருவில் நுழைந்தபோது பந்தலில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். மூட்டையோடு அண்ணன் சைக்கிள் வருவதைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். உசேன் மாமா கிட்டே வந்தார். மூட்டையைப் பார்க்கவில்லை, குனிந்து டயரைத்தான் பார்த்தார். பிறகு முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் போட்டார். துள்ளியது.

"பஞ்சர் இல்லியாடா?"

"இல்ல மாமா."

"இதப் பாக்கத்தான் ஓடினியா?" மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "மனசுல இத வெச்சிக்கிட்டா காலைலருந்து அல்லாடிக்கிட்டு இருந்த? சொல்லித் தொலைக்கறதுக்கு என்னாடா? நான்கூட கண்டபடி பேசிட்டேன்." நாற்காலிப் பக்கம் திரும்பினார். "பாருங்கப்பா. அந்த ஜல்லில போயிட்டு வந்திருக்குது, ஒரு பொட்டு காத்து எறங்கல. நான் சாட்சின்னு சொன்னேன், இப்பவும் சொல்றேன். தம்பி சொன்னா சொன்னதுதான்."

ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள். ஒருவர் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். இன்னொருவர் தனக்கும் ஒரு ஜோடி சொல்லிவைத்தார். நூர் பாஷா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பாஷா வந்துட்டானா?"

உள்ளேயிருந்து ரஹமத் பீவியின் குரல். காலையிலிருந்து அவள் பேசி அவன் கேட்கவில்லை.

"வந்துட்டேங்க அண்ணி."

"சைக்கிள உள்ள கொண்டா."

மூட்டையை அவிழ்த்து வாசலில் வைத்துவிட்டு, சைக்கிளை வாசற்படி தூக்கி ஏற்றி, கூடத்தைத் தாண்டி உருட்டிக்கொண்டு போனான். முன்சக்கரம் திரையைத் தொட்டது. கூடத்தில் யாரும் இல்லை. திரைக்குப் பின்னால் அவள் தரையில் உட்கார்ந்திருப்பது மூச்சில் தெரிந்தது.

"ஒண்ணு கேக்கணும் பாஷா. நேத்துலருந்து கேக்கணும்னு இருக்கேன். சாவு வூட்டுல இதப் போயி கேட்டா பைத்தியம்பாங்கன்னு வாய மூடிக்கிட்டு இருக்கேன்." குரலைத் தாழ்த்தினாள். "பஞ்சர் ஆயிருந்துச்சா?"

"இல்லீங்க அண்ணி. காத்து அப்படியே இருக்குது."

திரைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கை வந்தது. வளையல் கழற்றிய கை, மணிக்கட்டில் வளையல் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. அது தடவித் தடவி டயரைக் கண்டுபிடித்து அழுத்திப் பார்த்தது.

"கல்லாட்டம் இருக்குதே!" என்றாள். பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்தது. "அப்ப ஏறிக்கிட்டுதான் போயிருக்காரு. அந்த வெயில்ல மூட்டயத் தள்ளிக்கிட்டு நடக்கல. ராத்திரியெல்லாம் அவரு தள்றாப்பலயே கண்ணு முன்னால வந்துக்கிட்டு இருந்துச்சிப்பா. மனுசன் கஷ்டப்படாம போயிட்டாரு, இல்ல? அது போதும் எனக்கு."

"ஆமாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாமல் சும்மா நின்றாலே போதும். வெளியே பந்தலில் உசேன் மாமா இன்னும் அந்த டயரைப் பற்றித்தான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணிக்கு நிம்மதி, ஊருக்குப் பெருமை, அவனுக்கும் ஒரு கேடில்லை. நூர் பாஷா வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"நடந்துதான் அண்ணி போனாரு."

கை அசையவில்லை.

"ரெண்டரை மைலு. நான்தான் மொத வாரம் ஜல்லில ஏத்தாதேன்னு சொல்லியிருக்கேன். எல்லார்கிட்டயும் சொல்றதுதான் அண்ணி அது. சும்மா சொல்றது. யாரும் கேக்க மாட்டாங்க. அண்ணன் கேட்டுட்டாரு."

உள்ளே அவள் அழுவாள், அல்லது திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"கால்ல செருப்பு இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சிங்க."

கை டயர் மேலேயே இருந்தது. ஸ்டாண்டு போட வேண்டுமானால் சைக்கிளைப் பின்னால் இழுக்க வேண்டும். நூர் பாஷா இழுக்காமல், அது சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.